பிறத்தியார் வண்டி

காசு வாங்காத வண்டியில் ராக்கப்பன் ஏறியதே இல்லை. பரமக்குடியில் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டால், கருவேலங்காட்டை ஒட்டிய சாலையில் ஊர்வரைக்கும் நடந்தே வருவார். பக்கத்தில் டிராக்டரை நிறுத்துகிறவனிடம், "நீ போப்பா, எனக்குக் கால் இருக்கு" என்பார்.

இன்றைக்கு ஏற்றிவிட்டவன் நாளைக்குச் சொல்லிக் காட்டுவான் என்பது அவர் கட்சி. ஏழாம் வகுப்புப் படிக்கையில் மகன் வசந்தகுமார், யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு வந்து ஊர் எல்லையில் அகப்பட்டான். ஏறிய இடத்துக்கே அவனைத் திரும்ப அழைத்துப் போய், அங்கிருந்து நடக்க வைத்தார்.

ஊரில் அதைப் பெருமையாகவே பேசினார்கள். பையனும் நல்ல மாணவன். ஒருமுறை படித்ததை மறக்கிறவன் இல்லை.

அந்த ராக்கப்பன் இப்போது இலங்கை மலைநாட்டின் ஒரு முச்சந்தியில் மனைவியோடு நின்றுகொண்டிருந்தார். மதுரையில் விமானம், கொழும்பில் ரயில், அட்டனில் பஸ் என்று மாறி மாறி வந்தாயிற்று. பஸ் இதற்குமேல் போகாது. மலைப்பாதை தொடங்கும் இடத்துக்கு இன்னும் வெகுதூரம் ஏற வேண்டும்.

சென்ற ஐப்பசியில் வசந்தகுமாரும் இங்கேதான் இறங்கினான். குன்று என்று ஒன்றைக் காணாத மண்ணில் பிறந்தவனுக்கு மலையேறுவதில் அப்படியொரு பித்து. பாதையின் வாசலை எட்டும் முன்பே, மழையில் தனியே நடந்தவன்மீது மண் சரிந்தது; உயிரோடு மீட்க முடியவில்லை.

"இம்புட்டுத் தூரம் நடந்திருக்கான், வள்ளி. ஒரு வண்டிகூடவா வந்திருக்காது? ஒருத்தனுக்குக்கூடவா நிறுத்தணும்னு தோணல?"

ஒரு வருடமாக அவரைத் தூங்கவிடாத கேள்வி அது. அதை இந்த ஊர்க்காரர்களிடம் நேரில் கேட்கத்தான் கடல் தாண்டி வந்திருந்தார்.

சண்முகவள்ளி முழங்காலை நீவிவிட்டபடி மைல்கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் சிறு லாரி ஒன்று வந்து, கேளாமலே நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டார்.

"மேலதான் போறேன், ஏறுங்க ஐயா. எம் பேரு இமானுவேல். அம்மாவால நடக்க முடியாது போலயே."

"என்ன கேப்ப?"

"நடந்து போறவங்ககிட்ட என்னத்த வாங்குறது? இந்த ரோட்டுல கை காட்டினாலும் நிறுத்துவோம், காட்டாட்டியும் நிறுத்துவோம்."

"காசு இல்லாட்டி வேணாம். நாங்க பிறத்தியார் வண்டியில ஏறுறதில்ல."

இமானுவேலின் முகம் சட்டென்று மாறியது. அதை ராக்கப்பன் கவனிக்கவில்லை.

"எம்முட்டியப் பாத்தாச்சும் ஏறலாமுல்ல?" என்றாள் சண்முகவள்ளி. "கடல் தாண்டி வந்தும் ஒங்க கால்பெரும தீரலையாக்கும்."

"நீ சும்மா இரு." அவர் ஓட்டுநரிடம் திரும்பினார். "காட்டாட்டியும் நிறுத்துவீகளோ? போன ஐப்பசியில எம்மகன் கொட்டுற மழையில இந்த ரோட்டுலதான் போனான். அன்னைக்கு எங்கன போச்சு ஒங்க வண்டியெல்லாம்? மனுசங்க குடியிருக்கிற ஊருதானா இது?"

இமானுவேல் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"நீலப் பை மாட்டியிருந்த தம்பியா, ஐயா?"

சண்முகவள்ளி எழுந்து நின்றாள்.

"நான் நிறுத்தினேன். இதே மாதிரி கதவத் தொறந்துவிட்டு, மழை விடாது, ஏறிக்க தம்பின்னு கெஞ்சினேன்." அவர் தயங்கினார். "நீங்க இப்ப சொன்ன அதே வார்த்தையத்தான் அதுவும் சொன்னுச்சு. பிறத்தியார் வண்டியில ஏறுனா எங்க அய்யா வருத்தப்படுவாருன்னு சிரிச்சுக்கிட்டே நடந்துச்சு."

சண்முகவள்ளி கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. திறந்தே கிடந்த லாரிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராக்கப்பன் தம் கால்களைக் குனிந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தார். மனைவியைக் கதவருகே அழைத்து வந்து, இமானுவேலின் முன் நின்றார். யாரிடமும் நீண்டறியாத வலக்கை மெல்ல நீண்டது.

"ஒன்னையத் தப்பாப் பேசிட்டேன். எங்களக் கொஞ்சம் ஏத்திக்கிறியா, தம்பி?"