ராஜாவின் பல்செட்

தந்தமும் கோரைப்பல்லும் நீண்ட பிராணிகளுக்கென்றே அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு கூடம் திறந்திருந்தார்கள். சுவரெல்லாம் யானை, வால்ரஸ், காட்டுப்பன்றி என்று தலைகள். ஆனால் கூட்டம் மொய்த்தது என்னவோ நடுவில் இருந்த சின்னக் கண்ணாடிப் பெட்டியைத்தான். பல்லெல்லாம் கொட்டிப்போன ஒரு பழைய ராஜாவுக்காகச் செதுக்கிய பல்செட் அதில் இருந்தது. ஈறுக்குச் சிவப்புச் சாயம்கூடப் பூசியிருந்தார்கள்.

“தந்தம்னா வேற ஒண்ணுமில்லைங்க, பல்லுதான். நம்ம வாயில இருக்கிற அதே சரக்கு” என்று காப்பாளர் உற்சாகமாக விளக்கினார். “இது நீர்யானையோட கோரைப்பல்லுல செஞ்சது. யானைத் தந்தம் மாதிரி சீக்கிரம் மஞ்சளாகாது. இதுக்கு விலையே சொல்ல முடியாது!”

கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்று பத்திரிகைக்காரர்கள் முணுமுணுக்கவே, படம் எடுக்கத் தோதாகப் பெட்டியைத் திறந்து வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா வால்ரஸ் தலைக்குக் கீழே ஒரு வயதான அம்மாளுக்குத் தலைசுற்ற வேண்டும்? எல்லோரும் ஓடினார்கள். தண்ணீர் தெளித்து, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பெட்டி காலி.

“ஐயோ, ராஜாவோட பல்லு!” என்று காப்பாளர் அலறினார்.

கதவைச் சாத்தினார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார்.

“எல்லாரும் வாயை மூடிக்கிட்டு வரிசையில நில்லுங்க!”

பைகள் கவிழ்ந்தன. பாக்கெட்டுகள் வெளியே தொங்கின. காப்பாளர் இன்ஸ்பெக்டரின் காதைக் கடித்தார். “அதோ, அந்தக் கண்ணாடிக்காரர். காலையிலேர்ந்து பெட்டியை விட்டு நகரவே இல்லை சார்.”

கண்ணாடிக்காரரின் பையை உதறியதும் தொப்பென்று விழுந்தது, வெள்ளை வெளேரென்று ஒரு பல்வரிசை.

“மாட்டினியா!”

“சார், இது வெறும் மாவு அச்சு! நான் பல் டாக்டர். எங்க மாமியாருக்குப் பல்லு கட்ட அளவெடுத்தது.”

“மாமியார் பல்லை யாராவது பையில போட்டுக்கிட்டுச் சுத்துவாங்களா?”

“வீட்டுல வெச்சா இன்னும் பயமா இருக்கு சார்.”

அவர் சட்டையைக் கழற்றச் சொல்லும் நிலைமை வந்தபோது, பெட்டி மேடையின் அடியில் தவழ்ந்துகொண்டிருந்த கான்ஸ்டபிள் குரல் கொடுத்தார். “சார், கெடைச்சிடுச்சு! கீழதான் விழுந்து கெடக்கு!”

கூடமே பெருமூச்சு விட்டது. காப்பாளர் கண் கலங்க அதை வாங்கித் துடைத்துத் தூக்கிக் காட்டினார். “பாருங்க, இத்தனை காலம் ஆகியும் துளி மஞ்சள் இருக்கா? நீர்யானைன்னா நீர்யானைதான்!”

“கொஞ்சம் கிட்டத்துல பாக்கலாமா?” என்று பல் டாக்டர் கை நீட்டினார்.

“நீங்க பாத்தது போதும்!” காப்பாளர் படக்கென்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் காப்பாளர் மேல் திரும்பியது. “கீழ குனிஞ்சு பாக்காம போலீஸைக் கூப்பிடுவீங்களா? பாவம், உடம்பு முடியாத பெரியவங்களை வேற நிக்க வெச்சுட்டீங்க.”

தலைசுற்றிய அம்மாளைத் தானே கைத்தாங்கலாக வாசல்வரை கொண்டு விட்டார். அவருடைய கணவர் பதற்றத்தில் பேச்சே வராமல் பின்னால் வந்து, காரில் ஏறும்போது இன்ஸ்பெக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“உங்க வீட்டுக்காரர் ரொம்ப பயந்துட்டார் போல. பத்திரமா கூட்டிட்டுப் போங்கம்மா.”

கார் தெருமுனை திரும்பியதும் அந்த அம்மாள் கைக்குட்டையை விரித்துக் கணவரின் வாய்க்கு நேரே நீட்டினார்.

“ராஜாவோட பல்லைக் கழட்டி இதுல வைங்க. உங்க பல்லைப் பெட்டிக்குள்ள வெச்சிட்டு வாங்கன்னு சொன்னா, கை தவறிக் கீழ போட்டுட்டீங்க. நல்லவேளை, அவங்களே எடுத்து வெச்சுப் பூட்டிட்டாங்க!”