முதல் பந்திலேயே

இரண்டு மாதம் நாடு நாடாகச் சிக்சர் அடித்துவிட்டு, அன்று காலைதான் கார்வின் பார்படோசில் வந்திறங்கியிருந்தான். மதியமே கடற்கரையில் ஆடக் கூப்பிட்டுவிட்டார்கள் கூட்டாளிகள்.

"முட்டி வீங்கிக் கிடக்கு. முடியாதுன்னு சொல்லித் தொலையேன்" என்றாள் மனைவி மார்வா.

"சொன்னா, தலைக்கனம் ஏறிடுச்சும்பானுங்க."

மட்டையை ஊன்றிக்கொண்டே போனான். எல்ரிக் வீசிய முதல் பந்தையே தூக்கி அடித்தான். அது அலைகளைத் தாண்டிக் கடலில் போய் விழுந்தது.

எல்ரிக் துள்ளிக் குதித்தான். "அடப்பாவி! நம்ம ஊர் சட்டமே மறந்துபோச்சா? கடல்ல விழுந்தா அவுட்டுடா!"

கார்வின் தலையைத் தொங்கப் போட்டபடி திரும்பி வந்து, மார்வாவின் பக்கத்தில் மணலில் சாய்ந்தான்.

"நிஜமாவே மறந்துட்டியா?"

"மறப்பேனா? மத்த இடத்துலல்லாம் ஒண்ணு அடிச்சா, இன்னொண்ணு அடிங்கறாங்க." கண்ணை மூடிக்கொண்டான். "இங்கதான் ஒண்ணு அடிச்சா உக்கார விடுறாங்க."