ஐந்தடி ஆழம்

கணவன் வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பிவிட்ட சங்கவிக்காக மாடி எடுக்க முடியுமா என்று பார்க்க, மூலைத் தூணை ஒட்டிக் குழி வெட்டினார்கள்.

"பிளான்ல அஸ்திவாரம் மூணடிதான் சார். களிமண்ணுலயே நிக்குதுன்னா இன்னொரு மாடி தாங்காது," என்று இன்ஜினியர் அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தார்.

மூன்றடியில் அஸ்திவாரம் முடியவில்லை. நாலடியிலும் முடியவில்லை. ஐந்தடியில், களிமண்ணைத் தாண்டி, கடப்பாரை துள்ளும் செம்மண்ணில் உட்கார்ந்திருந்தது. இன்ஜினியர் டேப்பை மறுபடி இறக்கிப் பார்த்தார். "தாராளமா எடுக்கலாம். யார் சார் கூட ரெண்டடி தோண்டச் சொன்னது?"

"நான் அப்ப மஸ்கட்ல இருந்தேன்," என்ற அப்பா திரும்பிப் பார்த்தார். சங்கவி பக்கத்தில் நிற்க, அம்மா வேலையாட்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் கொத்தனார்கிட்ட சொன்னேன். இவ அப்ப மூணு மாசக் கைக்குழந்தை."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியேடி. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"வாழப்போற புள்ளைய வச்சுக்கிட்டு, எதுக்குன்னு வாய்விட்டுச் சொல்லலாமா?"

அம்மா டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சங்கவி செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். கான்கிரீட்டின் அடியோரம் ஈரமாக இருந்தது. அதில் உள்ளங்கையை வைத்தாள்.

"மேல வாடி," என்றாள் அம்மா. "உனக்கு ஈரம் ஒத்துக்காது."