விற்கிறவர் நிற்கும் இடம்

சாம்பிள் அறையில் நான்கு பேர் இருந்தோம். துண்டு மில் முதலாளி சென்னியப்பன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள் இளவேனில் அவருக்கு வலப்பக்கம். மில்லின் கடிதங்களை எழுதும் நான் கதவோரம். எதிரே போட்டிருந்த நாற்காலியில் உட்காராமல் கைகட்டி நின்றவர் வில்கின்ஸ். இத்தனை வருடம் எங்கள் துண்டுகளை வாங்கிய வெள்ளைக்காரர், அன்று தம் ஊர் ஆலையை எங்களிடம் விற்க வந்திருந்தார்.

"உக்காருங்க" என்றாள் இளவேனில்.

"பரவால்லீங்க. இங்க விக்கறவங்க நிக்கறதுதானுங்களே பழக்கம்" என்றார், எங்களிடமே கற்ற தமிழில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடமும் அவர் உட்கார்ந்து துண்டுகளைப் புரட்டி முடிக்கிறவரை முதலாளி அப்படித்தான் கைகட்டி நிற்பார்.

"ஆளுகளையும் சேத்து எடுத்துக்கங்க. ஊரே அந்த ஆலைய நம்பித்தானுங்க இருக்குது" என்றார் வில்கின்ஸ்.

முதலாளி ஆலையின் புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிமிரவே இல்லை. "மெசினு மட்டும் போதும். பிரிச்சுக் கப்பல்ல ஏத்தச் சொல்லுங்க."

"அப்பா, மனுசன் நின்னுட்டு இருக்காரு!"

"நிக்கட்டும் கண்ணு. நான் நின்னப்ப என்னை யாரு உக்காரச் சொன்னா?"

மெசின் மட்டும் போதும் என்று முதலாளி சொன்னதை அப்படியே அந்த ஆலையின் அலுவலகத்துக்குக் கடிதமாக எழுதினேன். இளவேனில் எழுந்து வெளியே போய்விட்டாள். உறையில் பசை தடவிய பிறகு அதை மூட எனக்குக் கை வரவில்லை. வில்கின்ஸ்தான் அதை வாங்கி அழுத்தி ஒட்டினார். வாசலில் நின்ற கூரியர்க்காரரிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.