அர்ஜென்டினா எழுந்து வரவில்லை

“அர்ஜென்டினா டீம் உடனடியாக மைதானத்துக்கு வரவும்,” என்று பால்ச்சாமி மைக்கில் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஏழு பெண்களில் ஒருத்தியும் அசையவில்லை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனிப் பெண்களுக்கான பொங்கல் த்ரோபால் போட்டி அது. கம்பெனிகள் எல்லாம் சாமி பெயரில் இருந்ததால், போன வருடம் மூன்று முருகன்கள் மோதிக்கொண்டு பெரிய குழப்பமாகிவிட்டது. இந்த வருடம் டீமுக்கு ஒரு நாட்டின் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று விழாக் கமிட்டி அறிவித்தது.

கமிட்டி என்றால் பால்ச்சாமிதான்.

முத்துப்பேச்சியின் டீம் பாலஸ்தீனம் என்று பெயர் கொடுத்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் பார்த்த, குண்டில் அடிபட்ட ஒரு பாலஸ்தீனப் பிள்ளையின் தலையில் இருந்த கட்டு, அவர்கள் தினமும் சுருட்டும் துணியைப் போலவே இருந்தது. பிறகு யாருக்கும் சோறு இறங்கவில்லை.

பால்ச்சாமி அதை அடித்துவிட்டு, அவராகவே அர்ஜென்டினா என்று எழுதிக்கொண்டார்.

இப்போது மைக்கை அணைக்க மறந்து, கையில் பிடித்தபடியே மரத்தடிக்கு வந்தார். அதனால் சண்டையை மைதானமே கேட்டது.

“ஏட்டி முத்துப்பேச்சி, போலீஸ்ல த்ரோபாலுக்குத்தான் பெர்மிஷன் வாங்கியிருக்கேன். நாடு பிரிக்கதுக்கு வாங்கல.”

“நாங்க எதையும் பிரிக்கல அண்ணாச்சி. பேருதான் வச்சிருக்கோம்.”

“அப்படி ஒரு நாடே கெடையாதுன்னு சொல்லுதாங்க.”

“யாரு சொல்லுதா? அங்க இருக்க சனமா?”

பால்ச்சாமி ஹஃப்ஸாவின் பக்கம் திரும்பினார். டீமில் அவள் ஒருத்திதான் முஸ்லிம்.

“எல்லாம் உன் வேலைதானம்மா? நீ சொல்லித்தான இவளுக ஆடுதாளுக?”

ஹஃப்ஸா தலைத்துணியில் ஊசியைச் சரியாகக் குத்திக்கொண்டு, இன்னும் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

வராத டீம் தோற்றதாகக் கணக்கு என்றார் பால்ச்சாமி. ஆனால் ஜெயித்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வெயிலில் பந்தோடு நின்ற பிரேசில் கேப்டன் ஜெபா, கோட்டுக்குள்ளிருந்தே கத்தினாள்.

“அவுக பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க சார்! புதுப்பட்டியில இருந்து வேன் பிடிச்சு வந்திருக்கோம். ஆடாம ஜெயிச்சோம்னா ஊர்ல சிரிப்பாக!”

கூட்டத்தில் விசில் பறந்தது. பால்ச்சாமி, முன்வரிசையில் இருந்த சப்-இன்ஸ்பெக்டரைப் பயத்தோடு பார்த்தார். அவர் கரும்பில் முழுக்கவனமாக இருந்தார்.

பால்ச்சாமி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மிக மெல்லச் சொன்னார்.

“பாலஸ்தீனம்.”

நாலு பக்க ஒலிபெருக்கிக் குழாய்களும் அதை ஊருக்கே சொல்லின.

ஏழு பேரும் எழுந்தார்கள்.

இரண்டு செட்டிலும் பிரேசில் அவர்களைத் துவைத்து எடுத்தது. என்றாலும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் பால்ச்சாமி அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் முணுமுணுத்தார். பிறகு தொண்டை திறந்தது. கடைசியில் தன்னை மறந்து, “பாலஸ்தீனம், விட்றாதீங்க!” என்று அலறினார்.

திரும்பும்போது ஆட்டோவில் முத்துப்பேச்சிக்கு மனசு கேட்கவில்லை.

“அந்தாளு உன்னையத்தான ஏசுனாரு. நாங்க ஆறு பேரு பாலஸ்தீனத்துக்குக் கை தூக்கினோம், நீ ஒருத்தி மட்டும் அர்ஜென்டினாதான் வேணும்னு சண்டை போட்டன்னு சொல்லியிருக்கலாம்ல?”

ஹஃப்ஸா அடிபட்ட விரலை ஊதிக்கொண்டாள்.

“அது நமக்குள்ள போட்ட சண்டைதானக்கா. அவருக்கென்ன?”