டவுட்டு மேடம்

"ஏன் சார், மெயின் சுவிட்சைத்தான் அணைச்சாச்சே? அப்புறமும் அந்த ஒயர்ல எப்படி கரண்ட் இருக்கும்?"

பயிற்சி வகுப்பில் இருந்த முப்பது இன்ஜினியர்களும் குபீரென்று சிரித்தார்கள். முதலில் சிரிக்க ஆரம்பித்தவர் செயற்பொறியாளர். கடைசியாகச் சிரித்து முடித்ததும் அவர்தான்.

கேள்வி கேட்டவள் அதே மேசையில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பரிசோதனைப் பிரிவில் உதவிப் பொறியாளர். வகுப்பு தொடங்கி ஒரு மணி நேரத்தில் 'டவுட்டு மேடம்' என்று பட்டப்பெயர் வாங்கியாகிவிட்டது.

"மேடம், சோலார் பேனல் மேல வெயில் அடிக்கிற வரைக்கும் அது கரண்ட் கொடுத்துக்கிட்டேதான் இருக்கும்" என்றார் பயிற்சியாளர், பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு. "கீழே சுவிட்சை அணைச்சாலும், பேனல்ல இருந்து சுவிட்ச் வரைக்கும் வர்ற ஒயர் சாகாது. தொட்டா நாமதான் சாவோம்."

'இதுகூடத் தெரியாமல் ஒரு இன்ஜினியரா!' என்கிற தோரணையில் தலையை ஆட்டிய செயற்பொறியாளர், ஆட்டிக்கொண்டே அந்தப் பதிலை மளமளவென்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவருக்கும் தெரியாது.

இருபத்தைந்து வருஷ சர்வீஸ். டிரான்ஸ்ஃபார்மர் போடுகிற சத்தத்தை வைத்தே அதற்கு என்ன உடம்புக்கு என்று சொல்லிவிடுவார். ஆனால் இந்த சோலார், பேட்டரி சமாசாரமெல்லாம் அவர் படித்து முடித்த பிறகு பிறந்தவை. திங்கட்கிழமை முதல் புதிதாகக் கட்டிய சோலார் பேட்டரி நிலையம் அவர் பொறுப்பு. 'இந்த ஒயரில் மின்சாரம் இல்லை, தொடலாம்' என்று அவர் கையெழுத்துப் போட்டுத் தருவார். அதை நம்பி ஒருவன் கையை வைப்பான்.

இந்த இரண்டு நாள் பயிற்சி முடிவில் பரீட்சை வேறு. அறுபது மார்க் வாங்காவிட்டால் பொறுப்பு கைமாறிவிடும்.

புரியாததைக் கையைத் தூக்கிக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களே ஐந்தாறு பேர் பின்வரிசையில் இருந்தார்கள். கௌரவம் என்ன ஆவது? புரியாத இடத்தில் நோட்டு ஓரத்தில் பென்சிலால் பொடியாக ஒரு குறி போட்டுவைத்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டம். முதல் நாள் வீட்டுக்குப் போனதும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்.

இரண்டாம் நாளும் டவுட்டு மேடம் அடங்கவில்லை.

"வழக்கமான ஏசி கரண்ட்ல சுவிட்சைத் திறந்தா தீப்பொறி சட்டுன்னு அணையுது. சோலார்ல டிசி கரண்ட். அதுல மட்டும் ஏன் சார் விடாம எரியுது?"

"ஏசி ஒரு செகண்டுக்குள்ள பலமுறை பூஜ்யத்துக்கு வந்து போகும் மேடம், பொறிக்கு மூச்சு நின்னுடும். டிசி அப்படி நிக்கவே நிக்காது."

அடுத்த அரை மணியில் இன்னொன்று.

"பேட்டரியை முழுசா ஆஃப் பண்ண என்ன சார் வழி?"

செயற்பொறியாளரால் பொறுக்க முடியவில்லை. "அப்படியே டார்ச் லைட் எப்படி எரியுதுன்னும் கேட்டுடுங்க மேடம். விட்டுப் போயிடப் போகுது!"

வகுப்பே அதிர்ந்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். 'ஆஃப் பண்ண வழியே கிடையாது, இணைப்பைத்தான் துண்டிக்க முடியும்' என்ற பதிலை அவர் கீழே இரண்டு கோடு போட்டு எழுதிக்கொண்டார்.

பரீட்சைக்கு முன்னால் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். 'அடிப்படையே தெரியாதவர்களை அனுப்பி மற்றவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்' என்று எழுதி, பெயரும் பதவியும் போட்டுப் பெட்டியில் தள்ளினார். மனசுக்கு ஜில்லென்று இருந்தது.

பரீட்சைத் தாளைப் பார்த்ததும் இன்னும் ஜில்லென்று ஆனது. பேனல் ஒயர், தீப்பொறி, பேட்டரி... எல்லாம் நோட்டில் எழுதியவையே. எண்பத்திரண்டு மார்க்.

"முதல் இடம், நூற்றுக்கு நூறு" என்று பயிற்சியாளர் வாசித்தது டவுட்டு மேடத்தின் பெயரை. "புது நிலையத்தைச் சோதிச்சுச் சரின்னு சான்று கொடுத்ததே இவங்கதானாம். சொல்லவேயில்லையே மேடம்!"

யாரும் சிரிக்கவில்லை.

நிறைவுக் கூட்டத்துக்கு முன்னால் மற்றவர்கள் டீக்கு எழுந்து போனதும் செயற்பொறியாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா ரெண்டு நாளா எங்க உயிரை வாங்கினே?"

"உயிர் பயம்தான் சார்" என்றாள் பையை மூடிக்கொண்டே. "திங்கட்கிழமை நீங்க போடுற கையெழுத்தை நம்பி அங்க கை வைக்கப் போறது நானும் என் ஆளுங்களும்தான்."

"அதை என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

அவர் கண் தானாகக் கருத்துப் பெட்டிப் பக்கம் போனது. பூட்டியிருந்தது.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க நோட்டு ஓரத்துல நீங்க கேள்விக்குறி போட்டதையெல்லாம் ஒண்ணுவிடாம கேட்டுட்டேன் சார். பன்னிரண்டாம் பக்கத்துல மட்டும் ஒண்ணு பாக்கி. டீ முடிஞ்சு எல்லாரும் வந்ததும் அதையும் கேட்டுடறேன், நீங்க சிரிக்க ரெடியா இருங்க."