சாட்சிக்கு வந்த குருவி

தோட்டத்துப் பக்கம் மறுபடியும் விசில் கேட்டது. உப்பு வாரும் பலகையை ஓங்கியபடி சுப்ராயன் முருங்கை மரத்தடிக்குப் பாய்ந்தார்.

இன்று வேண்டுமென்றேதான் அவர் உப்பளத்துக்குப் போகவில்லை. "நீ விடியறதுக்குள்ள பாத்திக்குப் போயிடுற. அப்புறம் உன் வீட்டுப் பின்னாடி எவனோ விசில் அடிக்கிறான்ணே. பொண்ணைக் கவனி" என்று பங்காளி தட்சணாமூர்த்தி டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னது முள்ளாகத் தைத்திருந்தது.

மரத்தடியில் எவனும் இல்லை. கிளையில் ஒரு சின்னக் குருவி, கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக, வாலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு விசில் அடித்தது. சுப்ராயன் பலகையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"தட்சணாவைக் கூப்பிடறேன். காதால கேட்டுட்டுப் போகட்டும்."

"குருவின்னு தெரிஞ்சிடுச்சில்ல, விடுங்க. எதுக்கு ஊரைக் கூட்டுறீங்க?" என்றாள் மனைவி அம்சவள்ளி.

"டீக்கடையில பேசினான்ல. அவன் வாயாலயே இல்லைன்னு சொல்லணும்."

மறுநாள் விடியலில் பங்காளிகள் தோட்டத்தில் கூடிவிட்டார்கள். கழுவெளிச் சதுப்பில் பறவை கணக்கெடுக்க வந்திருந்த சித்தார்த்தனையும் சுப்ராயன் கையோடு அழைத்து வந்திருந்தார். மகள் மலர்கொடி படியோரம் தலைகுனிந்து நின்றாள்.

குருவி விசில் அடித்தது. சித்தார்த்தன் பைனாகுலரை இறக்கினான். "குண்டுகரிச்சான், ஐயா. ஆண் குருவி."

"பாத்துக்கிட்டியா தட்சணா? இவன்தான் என் வீட்டுக்கு வர்ற ஆம்பள." சுப்ராயன் மீசையைத் தடவிக்கொண்டார். "பின்கதவுக்குப் பூட்டு இருக்குது. சாவி உன் அண்ணி இடுப்பை விட்டு எறங்காது."

தட்சணாமூர்த்தி விடுவதாக இல்லை. "ஏம்பா தம்பி, குருவி எப்படி மனுஷன் மாதிரி விசில் அடிக்கும்?"

"நல்லாப் பாடுற ஜாதிங்க இது. தினம் காதுல விழுற சத்தத்தையும் சேர்த்துக்கிட்டுப் பாடும்."

"உப்பளத்து ஆளுங்க அடிக்கிறதைக் கேட்டிருக்கும்" என்றார் சுப்ராயன் அவசரமாக.

குருவி நிறுத்தவில்லை. விசிலை அடுத்து, 'கிரீ...ச்' என்று நீளமாக இன்னொரு சத்தம் எழுப்பியது.

அத்தனை பேரும் பின்கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். உப்புக் காற்றில் கீல் துருவேறிப்போன அந்த இரும்புக் கதவின் முனகலை அறியாத பங்காளி யாரும் இல்லை. கதவோ பூட்டிக் கிடந்தது.

மறுபடி விசில். மறுபடி கிரீச்.

தட்சணாமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதைத்தான் சுப்ராயனால் தாங்க முடியவில்லை.

மகளை நோக்கிக் கையை ஓங்கினார். "சாவியை எப்பத் திருடின?"

அம்சவள்ளி குறுக்கே வந்து நின்றாள்.

"அவ திருடலைங்க. நான்தான் அவளுக்குத் தொறந்து விட்டேன்."